நைனா எழுதின நூறு மீட்டர்

ஓட்டப்பந்தயத்துல உலகத்துலயே லேட்டா வந்து சேர்ந்த ஆளு யாருன்னு கேட்டா, பார்க் பெஞ்சுல உக்காந்திருக்கிற நம்ம கோஷ்டி மொத்தமும் "நாமதான்"னு பல்லைக் காட்டும். முட்டிவலிக்காரங்க கோஷ்டி, வேற என்ன சொல்லும்? ஆனா நெஜமாவே அப்படி ஒருத்தர் இருந்தாரு. ஜப்பான்காரர். ஆயிரத்து தொள்ளாயிரத்து பன்னெண்டுல ஒலிம்பிக் மாரத்தான் ஓடப் போனவரு, பாதி வழியில வெயில் தாங்காம யாரோ வீட்டுத் தோட்டத்துல நின்னு ஜூஸ் குடிச்சிட்டு, வெக்கப்பட்டுக்கிட்டு யாருகிட்டயும் சொல்லாம ஊரு போய்ச் சேர்ந்துட்டாரு. அறுபத்தேழுல அவரைத் திரும்பக் கூப்பிட்டு மிச்சத்தை ஓடவெச்சாங்க. அம்பத்திநாலு வருஷ சொச்சத்துல ஓடி முடிச்சாருன்னு ரெகார்டு எழுதிட்டாங்க.

நேத்து நம்ம ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் இதைப் போன்ல படிச்சிக் காட்டினப்ப எல்லாரும் சிரிச்சீங்க. நான் மட்டும் எழுந்து போயிட்டேன். கோவமான்னு கேட்டீங்க. கோவம்தான், ஆனா உங்க மேல இல்ல. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

அந்த ஜப்பான்காரர் சமாச்சாரம் எனக்கு அறுபத்தேழுலயே தெரியும். அம்பத்தூர்ல எங்க ஸ்கூல் வாசல்ல ஒரு கரும்பலகை இருந்துச்சு. டிரில் மாஸ்டர் தினம் காலையில அதுல ஒரு விளையாட்டுத் துணுக்கு எழுதுவாரு. மிலிட்டரியில இருந்து வந்தவரு. ஒரு தடி இங்கிலீஷ் புஸ்தகம் வெச்சிருந்தாரு, அதையும் நியூஸ் பேப்பரையும் பாத்து தமிழ்ல எழுதுவாரு. கயிறு இழுக்கிறது ஒரு காலத்துல ஒலிம்பிக் போட்டியா இருந்துச்சு, மெடல் குடுத்தாங்க. மாரத்தான் தூரம் ஏன் அப்படி அரைகுறை கணக்கா இருக்குன்னா, இங்கிலாந்து ராஜா வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு ராணி உக்காந்த இடத்துல முடியணும்னு யாரோ இழுத்துவுட்டது. பொம்பளைங்க எண்ணூறு மீட்டர் ஓடி முடிச்சதும் நாலு பேரு தரையில படுத்துட்டாங்கன்னு, அப்புறம் முப்பத்திரெண்டு வருஷத்துக்கு பொம்பளைங்களுக்கு இருநூறு மீட்டருக்கு மேல பந்தயமே கிடையாது. ஆம்பளைங்க படுத்தா களைப்பாம், பொம்பளைங்க படுத்தா ஆபத்தாம். இதைப் படிச்சிட்டு எங்க அக்கா பலகை முன்னாடியே காறித் துப்பினா. மாஸ்டர் பாத்துட்டு சிரிச்சாரு, திட்டல.

இன்னொரு துணுக்கு எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு ஒலிம்பிக்ல, தடை தாண்டி ஓடற நீள ஓட்டத்துல, ரவுண்டு எண்ண வேண்டிய ஆசாமி வேற எதையோ வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துட்டான். ஓடினவங்க எல்லாரும் ஒரு ரவுண்டு அதிகமா ஓடிட்டாங்க. சரியான தூரத்துல ரெண்டாவதா இருந்தவரு அந்த எக்ஸ்ட்ரா ரவுண்டுல மூணாவதா போயிட்டாரு. "அளவு தப்பினால் சாதனையும் தப்பும்"னு மாஸ்டர் கீழே கோடு போட்டு எழுதியிருந்தாரு. கோடு போட்டு எழுதின அதே மனுஷன்தான். ஞாபகம் வெச்சுக்குங்க.

எங்க நைனா பெயின்டர். பெயின்டராவே பொறக்கல. இப்ப இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் இருக்கிற எடத்துல ஒரு காலத்துல அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டவரு. நெலமெல்லாம் கம்பெனியாச்சு, நைனா அதே எடத்துல ஒரு கம்பெனி பெயின்ட் ஷாப்புல ஹெல்பரா சேர்ந்தாரு. அங்க ஒருத்தர்கிட்ட லெட்டரிங் கத்துக்கிட்டாரு. வேடிக்கை என்னன்னா, அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தெல்லாம் அவருக்குப் படம். நீங்க ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தா, தமிழோ இங்கிலீஷோ, அப்படியே அச்சடிச்ச மாதிரி செவுத்துல ஏத்துவாரு. என்ன எழுதினோம்னு மட்டும் நம்மளைத்தான் கேப்பாரு. வீட்டுக்கு வந்தா டர்பன்டைன் வாசனை. சோத்துலயும் அந்த வாசனை, எங்க தலைமுடியிலயும் அந்த வாசனை. எனக்கு இன்னிக்கும் எங்கயாவது பெயின்ட் அடிச்சா பசிக்கும்.

அந்த வருஷம் ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் வருதுன்னாங்க. எல்லாம் மெட்ரிக் முறைக்கு மாத்தியாச்சான்னு பாப்பாங்களாம். நாடு எப்பவோ மாறியாச்சு, எங்க கிரவுண்டு மட்டும் கஜத்துலயே கிடந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல நட்ட கல்லு. ஆரம்பக் கல்லு ஒண்ணு, நேரா அந்தப் பக்கம் "100 கஜம்"னு ஒண்ணு, அதைத் தாண்டி ஒரு பூவரச மரம். ஹெட்மாஸ்டர் டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு மாத்தச் சொன்னாரு. மாஸ்டர் நைனாவைக் கூப்பிட்டாரு.

நைனா வீட்டுல வந்து சொன்னது எனக்கு அப்படியே காதுல இருக்கு. "மாஸ்டரு, அளந்து நடணும் சார், பெரிய டேப்பு வோணும்னாரு. அதுக்கு ஹெட்மாஸ்டரு, எழுத்த மாத்துனா போதும்யா, இன்ஸ்பெக்டரு இன்னா கிரவுண்டுல படுத்து அளக்கவா போறாருன்னுட்டாரு. அப்பால மாஸ்டரும் கம்முனு ஆயிட்டாரு. நமக்கு இன்னா, எழுத்துதானே."

கஜத்துக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. அம்மாவுக்கு நல்லாத் தெரியும். ஆவடி கடைத்தெருவுல ஜாக்கெட் துணி வாங்கிட்டு வந்து, தையல்காரம்மா பத்தலன்னதும், என் கையைப் பிடிச்சி தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய் கடைக்காரனைப் பிடிச்சிக்கிட்டா. "மீட்டர்னு துட்டு வாங்கிகினு கஜக்கோல்ல கியிச்சிக் குடுத்தியா? யாருகிட்ட டபாய்க்கிற?" துணியோட ஒரு முனையை மூக்குல வெச்சி, கையை நீட்டி, நுனி விரல் வரைக்கும் இழுத்தா. "இத பாரு, இது கஜம். மீட்டர்னா இன்னும் நாலு வெரக்கடை வரணும். எங்க அந்த நாலு வெரலு?" கடைக்காரன் வேற துணி கிழிச்சிக் குடுத்தான். வர்ற வழியெல்லாம் நான் என் மூக்கையும் விரலையும் அளந்துக்கிட்டே வந்தேன்.

அதனால நைனா ஞாயித்துக்கிழமை கல்லு எழுதப் போனப்ப, சோத்துத் தூக்கு எடுத்துக்கிட்டுப் போன எனக்கு உடனே உறைச்சிச்சு. ஆறாங்கிளாஸ் படிக்கிறேன். கல்லுக்கு வெள்ளை அடிச்சி, "100" அப்படியே வுட்டுட்டு, மாஸ்டர் குடுத்த சீட்டைப் பாத்து "மீட்டர்"னு கறுப்புல எழுதிக்கிட்டு இருந்தாரு. நாக்கு நுனி வெளிய தெரிய, அவ்வளவு கவனம்.

"நைனா, கல்ல கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நடணும் இல்ல?"ன்னேன்.

"கல்லு நல்லாத்தானே நின்னுகினு கீது. அத ஏன் நகத்தணும்?"

"மீட்டர்னா நாலு வெரலு ஜாஸ்தி நைனா. அம்மா சொல்லிச்சே."

"அது துணிக்கும்மா"ன்னாரு நைனா. சிரிச்சிட்டு, பிரஷை என் கையில குடுத்து, "இந்தா, எழுத்து மேல புள்ளி வெக்கணும், மாஸ்டர் சீட்டுல பாரு. நீ வெய்யி"ன்னாரு. அணில் முடி பிரஷ். அதை எங்க யாரையும் தொடவே வுடமாட்டாரு. நான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு புள்ளி வெச்சேன். அதுக்கப்புறம் நான் நாலு விரலைப் பத்திப் பேசல. அந்த ரெண்டு புள்ளியும் என் கையால வெச்சது.

இப்ப அக்காவைப் பத்திச் சொல்லணும்.

அக்கா பதினொண்ணாங்கிளாஸ். கறுப்பு, நல்ல ஒசரம், கெண்டைக்கால் ரெண்டும் கல்லு. எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா முதல் குடம் எங்க குடம்தான், ஏன்னா அக்கா ஓடுவா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அவ ஓடினா தெருவுல பெருசுங்க "பொம்பளப் புள்ளையா இது"ன்னு முணுமுணுக்கும், ஆனா பாக்காம இருக்காது. மாஸ்டர் அவளைப் பிடிச்சி ஓடவுட்டாரு. புதுசா எழுதின கல்லு வரைக்கும் ஓடினா. மாஸ்டர் ஸ்டாப் வாட்சைப் பாத்தாரு, உதறிப் பாத்தாரு, திரும்ப ஓடச் சொன்னாரு. பன்னெண்டு செகண்டும் கொஞ்சமும். மூணு தடவை ஓடவுட்டும் அதேதான். மாஸ்டர் விசிலை வாயில வெச்சிக்கிட்டே, "நூறு மீட்டர்! நூறு மீட்டர்!"னு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினதை ஸ்கூலே பாத்துச்சு.

எழுத்தை மட்டும் மாத்தினோம்னு அவரு மறந்துட்டாரா, இல்ல மறந்த மாதிரி இருந்துட்டாரா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மறந்துட்டாருன்னு நெனச்சாத்தான் அந்த மனுஷனை என்னால பொறுத்துக்க முடியுது.

அந்த வாரமே ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல ஒரு பலகை மாட்டினாங்க. "பள்ளிச் சாதனைகள்." முதல் வரியில அக்கா பேரு, நூறு மீட்டர், அந்த நேரம். நைனாதான் எழுதினாரு. எழுதி முடிச்சிட்டு, "இதுல எது நம்ம பொண்ணு பேரு?"ன்னு என்னைக் கேட்டாரு. காட்டினேன். காயாத பெயின்ட்டுக்கு மேல, தொடாம, விரலால தடவிப் பாத்தாரு.

வீட்டுல வேற ஒரு விஷயம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எங்க தாய்மாமா, அம்மாவோட தம்பி, திருநின்றவூர்ல இருந்தாரு. செங்கல் சூளையில மேஸ்திரி. அவரு பொண்டாட்டி செத்துட்டா, ரெண்டு புள்ளைங்க. அக்காவுக்கு பதினேழு, அவருக்கு முப்பத்தஞ்சு. அம்மா தம்பிக்கு வாக்கு குடுத்துட்டா. அக்காவை யாரும் கேக்கல. அந்த சமயத்துலதான் எஸ்டேட்டுல ஒரு கம்பெனி லேடீஸ் டீம் எடுக்கறாங்கன்னு மாஸ்டர் வந்து சொன்னாரு. ரேடியோ சாமான் செய்யற கம்பெனி. ஓடற பொண்ணுங்களுக்கு நிரந்தர வேலை. நூறு மீட்டருக்கு ரெண்டு பேரு எடுப்பாங்க, முதல்ல வர்றவளும் ரெண்டாவது வர்றவளும். ஸ்கூல்ல ஓடின நேரத்தை எழுதி, மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட்டோட விண்ணப்பம் அனுப்பணும்.

நைனா அன்னிக்கு முதல் தடவையா அம்மாவை எதுத்துப் பேசினாரு. "வேலை கெடச்சா கல்யாணத்த தள்ளிப் போடு. பொண்ணு சம்பாரிக்கட்டும். கெடைக்கலேன்னா ஒன் இஷ்டம், ஆவணிலயே முடி. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"சத்தியமா?"ன்னா அம்மா.

"சத்தியமா."

அக்கா அடுப்பங்கரையில இருந்து இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா. தட்டு கழுவற சத்தம் நின்னு போச்சு. அப்புறம் திரும்ப ஆரம்பிச்சிச்சு.

அன்னியிலிருந்து ரெண்டு மாசம் காலையில இருட்டு பிரியறதுக்குள்ள எழுந்து ஓடினா. நான்தான் தொணை. அம்மா முணுமுணுத்துக்கிட்டே நைனாவோட பழைய காக்கி பேன்ட்டை வெட்டி அவளுக்கு முட்டி வரைக்கும் டிராயர் தச்சிக் குடுத்தா. "மாமன் பாத்தா காறித் துப்புவான்"னு சொல்லிக்கிட்டே பட்டன் வெச்சா. அதான் எங்கம்மா. கிரவுண்டுல ஒரு விஷயம் எல்லாருக்கும் சிரிப்பா இருந்துச்சு. எல்லாப் பொண்ணுங்களும் கல்லு வந்ததும் நின்னுடுவாங்க. அக்கா மட்டும் நிக்கமாட்டா. அதே வேகத்துல இன்னும் அஞ்சு எட்டு ஓடி, பூவரச மரத்துல கையை அடிச்சாத்தான் நிப்பா. "பிரேக் இல்லாத வண்டி வருது, வழி வுடுங்க"ன்னு பசங்க கத்துவாங்க. அவ திரும்பிக்கூடப் பாக்கமாட்டா.

போட்டிக்கு மொத நாள் சாயங்காலம். ஏரிக்கரை மேல ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். எனக்கு ரெண்டு மாசமா அந்தக் கல்லு நெனப்புதான். கிளாஸ்ல வாத்தியார் வாய்ப்பாடு நடத்திட்டாரு, நாலு விரலை நூறால பெருக்கிப் பாத்துட்டேன். இனிமே தாங்காதுன்னு அழுதுக்கிட்டே சொல்லிட்டேன். "அக்கா, அது நூறு மீட்டர் இல்லக்கா. கல்லை நகத்தவே இல்ல. எழுத்துதான் மாத்தினாங்க. நானும்தான் புள்ளி வெச்சேன்."

அக்கா என் கண்ணைத் துடைச்சிவுட்டா. அப்புறம், "தெரியும்டி"ன்னா.

"தெரியுமா?"

"ரெண்டாவது நாளே தெரியும். நான் என்ன முட்டாளா? கஜம் எம்மாம், மீட்டர் எம்மாம்னு கணக்குப் போட்டேன். எட்டரை மீட்டரு கொறையுது. எனக்கு அஞ்சு எட்டு. பூவரச மரம் வரைக்கும் எதுக்கு ஓடறேன்னு நெனச்ச? பிரேக் இல்லாமலா?"

"அப்ப மாஸ்டர்கிட்ட சொல்லிடலாம்க்கா."

"சொன்னா? யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. ஹெட்மாஸ்டரு நான் சொல்லலம்பாரு. மாஸ்டரும் வாயத் தொறக்க மாட்டாரு. நைனா தலையில வந்து வுடியும். அவருக்கு அந்தக் கல்லுன்னா எம்மாம் பெருமைன்னு ஒனக்குத் தெரியாதா? நாளைக்கு நான் ஓடிக் காட்டிடறேன். அந்த டைம் வராது, அது எனக்குத் தெரியும். ஆனா ரெண்டாவது வந்தாப் போதுமேடி. வந்துடுவேன்."

அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்லன்னு எனக்கு அன்னிக்குத் தோணுச்சு. பெரிய பாரம் எறங்கின மாதிரி, கரையில இருந்து வீடு வரைக்கும் நான் அவ கூடவே ஓடினேன். அவ எனக்காக மெதுவா ஓடினா.

மறுநாள் கரி எஞ்சின் ரயில்ல பட்டணம் போனோம். நைனா, மாஸ்டர், அக்கா, நான். நைனா கம்பெனிக்கு லீவு போட்டு, நல்லநாளு சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. விரல் நகத்துல மட்டும் கறுப்பு பெயின்ட் போகல. அந்த மைதானத்துல கரித்தூள் கொட்டின டிராக்கு, சுண்ணாம்புக் கோடு, பித்தளைக் குமிழ் வெச்ச நாடா டேப்பு. ரெண்டு பேரு அந்த டேப்பைப் பிடிச்சி எங்க கண்ணு முன்னாடியே தூரத்தை அளந்தாங்க. டிரில் மாஸ்டர் அதைப் பாத்துக்கிட்டே கழுத்தைத் துடைச்சாரு. அப்ப நான் அதை வெயில்னு நெனச்சேன்.

எட்டு பொண்ணுங்க. நாலு பேரு காலுல ஆணி வெச்ச ஷூ. அக்கா வெறுங்காலு, காக்கி டிராயரு. துப்பாக்கி வெடிச்சதும் நான் கண்ணை மூடிக்கிட்டேன், நைனா கத்தற சத்தத்துலதான் திறந்தேன். பாதித் தூரம் வரைக்கும் அவ நாலாவதுதான். அப்புறம் அந்தக் கடைசி அஞ்சு எட்டு இருக்கு பாருங்க, ரெண்டு மாசமா பூவரச மரத்துக்கு ஓடின அந்த அஞ்சு எட்டு, அதுல ரெண்டு பேரைத் தாண்டினா. ரெண்டாவது. எங்க அக்கா ரெண்டாவது. நைனா என்னைத் தூக்கித் தோள்ல வெச்சிக்கிட்டாரு. பதினோரு வயசுப் பொண்ணை!

அப்புறம் மேஜைகிட்ட கூப்பிட்டாங்க. வெள்ளைத் தொப்பி போட்ட கம்பெனி ஆபீசர் ஒருத்தரு, முன்னாடி ஒரு கட்டு காயிதம். அக்கா விண்ணப்பத்தைப் பாத்தாரு, வாட்சுல எடுத்த நேரத்தைப் பாத்தாரு, திரும்ப விண்ணப்பத்தைப் பாத்தாரு. ஒரு செகண்டுக்கு மேல வித்தியாசம். மாஸ்டரைக் கூப்பிட்டு இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாரு. மாஸ்டர் என்னமோ முணுமுணுத்தாரு. ஆபீசர் குரலை ஒசத்தி, தமிழ்லயே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேட்டாரு: "உங்க கிரவுண்டுல நூறு மீட்டர் மார்க் பண்ணினது யாரு?"

மாஸ்டர் தலை குனிஞ்சிக்கிட்டாரு. அந்த ஒரு நிமிஷம் அவரு பேசியிருந்தா எல்லாமே வேற. பேசல.

நைனா கும்பலை வெலக்கிக்கிட்டு முன்னாடி வந்தாரு. முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் சார். நான்தான் எழுதினேன். இவ எம் பொண்ணு சார். ஒரு தபா வந்து பாருங்க சார், எழுத்து மயையில கூட அயியாது."

ஆபீசர் நைனாவைக் கொஞ்ச நேரம் மேலயும் கீழயும் பாத்தாரு. பக்கத்துல இருந்தவங்ககிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொன்னாரு. அவங்க சிரிச்சாங்க. நைனாவும் சேர்ந்து சிரிச்சாரு. ஆபீசர் சிவப்புப் பென்சிலை எடுத்து விண்ணப்பத்துல குறுக்கால ஒரு கோடு இழுத்தாரு. மூணாவதா வந்த பொண்ணு பேரைக் கூப்பிட்டாங்க.

நைனாவுக்கு ஒண்ணும் புரியல. "மாஸ்டர், எம் பொண்ணுதானே ரெண்டாவது?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. மாஸ்டர் அவரைத் தள்ளிக் கூட்டிக்கிட்டுப் போய் சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன். "செகண்டு வந்தாப் பத்தாதுப்பா, டைம் வரணும். ஸ்கூல்ல ஓடின வேகத்துல இன்னிக்கு ஓடல உம் பொண்ணு. என்ன பண்றது, அவ்வளவுதான் குடுத்துவெச்சது."

பாவி. பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. தன் கையெழுத்தைக் காப்பாத்திக்க எங்க அக்கா காலு மேல பழியைப் போட்டுட்டாரு.

திரும்பி வர்ற வண்டியில நைனா ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்தாரு. கொரட்டூர் தாண்டினப்புறம் கேட்டாரு. "ஏம்மா, நேத்து சரியா தூங்கலியா? ஸ்கூல்ல அப்டி ஓடுவியே, இன்னிக்கி இன்னா ஆச்சி?"

அக்கா அவரு நகத்துல இருந்த பெயின்ட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா: "கால் வரல நைனா."

அம்பத்தூர்ல எறங்கி, நைனா முன்னால நடக்க, அக்கா என் மணிக்கட்டை வலிக்கற மாதிரி பிடிச்சா. "அந்த ஆபீசரு என்ன சொன்னாருன்னு எனக்குப் புரிஞ்சிச்சு. அப்பனே கல்லு நட்டு, பொண்ணு ரெகார்டு வெச்சிருக்கான்னாரு. திருட்டு டைமாம். நைனாவுக்கு இது எந்த ஜென்மத்துலயும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அந்த மனுஷன் அப்பால பிரஷைத் தொடமாட்டாரு. சத்தியம் பண்ணு." பண்ணினேன். ரோட்டுல வெச்சே, அவ தலையில கையடிச்சி.

ஆவணியில கல்யாணம். நைனா குறுக்க நிக்கல. சொன்ன சொல்லு தவறாதவரு.

மாமா குடிகாரர் இல்ல, அடிக்கற ஆளும் இல்ல. அவருக்குத் தேவைப்பட்டது புள்ளைங்களைப் பாத்துக்க ஒரு ஆளு. அக்கா பாத்துக்கிட்டா. அவளுக்கும் நாலு பொறந்துச்சு, ரெண்டு தங்குச்சு. நாலாவது தடவை ஆனப்ப ரொம்ப ரத்தம் போயி பொழைச்சா. காலு நரம்பெல்லாம் சுருண்டு நீலமாத் தடிச்சிப் போச்சு. அதுக்கெல்லாம் முன்னாடி, கல்யாணமாகி மூணு வருஷத்துல, ஒரு தடவை லீவுக்குப் போயிருந்த நான் திரும்பறப்ப ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தா. வண்டி கிளம்பிடுச்சு. எனக்குக் கட்டின முறுக்கு மூட்டை அவ கையிலயே இருந்துச்சு. அவ நின்ன எடத்துக்கும் என் பெட்டிக்கும் பத்து எட்டு கூட இருக்காது. "ஓடியாக்கா!"ன்னு கத்தினேன். அவ இடுப்புல புள்ளையை வெச்சிக்கிட்டு அப்படியே நின்னா. பிளாட்பாரத்துல ஆளுங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவ ஓடல. மூட்டையைத் தூக்கிக் காட்டிட்டு, மெதுவாத் திரும்பி நடந்து போயிட்டா.

அப்ப எனக்குப் பதினாலு, பதினஞ்சு இருக்கும். அந்தப் பெட்டியில உக்காந்துக்கிட்டுத்தான் முதல் தடவையா நேராக் கணக்குப் போட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை பெயின்ட் காயறதுக்குள்ள நான் பிரஷைத் திருப்பிக் குடுத்துட்டு, மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தா, கல்லைத் தள்ளி நட்டிருப்பாங்க. அக்காவோட நெஜமான நேரம் விண்ணப்பத்துல போயிருக்கும். அந்த நேரத்துக்கே அவ ரெண்டாவது வந்தா. சிவப்புப் பென்சிலுக்கு வேலையே இருந்திருக்காது. அவளுக்கு அந்தப் பொய் நேரம் தேவையே இல்ல. நெஜமே போதுமா இருந்துச்சு.

ஸ்கூல்ல அந்தக் கல்லு எழுபதுகள்ல பாதி வரைக்கும் அங்கயே இருந்துச்சு. வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு முன்னாடி நைனா போய் ஒரு கோட்டிங் குடுத்துட்டு வருவாரு. அப்புறம் புது டிரில் மாஸ்டர் வந்தாரு, கிரவுண்டைச் சரியா அளந்து புதுசா டிராக் போட்டாரு. ஆனா ஹெட்மாஸ்டர் ரூம் வாசல் பலகையை யாரும் மாத்தல. வருஷா வருஷம் நல்லா ஓடற பொண்ணுங்க வரும், சரியான நூறு மீட்டர் ஓடும், அக்கா நேரத்தைத் தொடமுடியாம போகும். எப்படித் தொடும்? "அந்தக் காலத்துல ஒரு பொண்ணு இருந்தா"ன்னு வாத்தியாருங்க சொல்லி மத்தப் பொண்ணுங்களைத் திட்டுவாங்களாம். இதையும் ஒரு துணுக்கா எழுதிக்கலாம். முறியடிக்கவே முடியாத ரெகார்டு. எங்க நைனா கையெழுத்துல.

எழுபத்தெட்டுல நைனா படுத்துட்டாரு. பெயின்ட் ஷாப்புல ஸ்பிரே அடிச்சி அடிச்சி நெஞ்சு வீணாப் போச்சு. மூச்சு வுடற சத்தம் தெருவுக்குக் கேக்கும். நான் அப்ப டெலிபோன் எக்சேஞ்சுல வேலைக்குச் சேர்ந்திருந்தேன், வீட்டுலதான் இருந்தேன். அக்கா திருநின்றவூர்ல இருந்து தினம் மத்தியானம் வருவா, சாஞ்சி சாஞ்சி நடந்து. கஞ்சி ஊட்டுவா, துடைச்சிவுடுவா, சாயங்கால வண்டிக்குப் போயிடுவா.

ஒரு மத்தியானம் நைனாவுக்குக் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. அக்கா அவரு காலைப் பிடிச்சிவுட்டுக்கிட்டு இருந்தா. அவ காலையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தவரு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிச் சொன்னாரு. "அன்னிக்கி… நீ இன்னும் கொஞ்சம்… அழுத்தி ஓடி இருந்தீன்னா… ஒன் வாழ்க்கயே வேற மாதிரி ஆயிருக்கும்மா."

எனக்குத் தாங்கல. "நைனா, அது…"ன்னு ஆரம்பிச்சிட்டேன். அக்கா திரும்பிக்கூடப் பாக்கல, கையை மட்டும் பின்னால நீட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சா. அதே பிடி. நான் நிறுத்திட்டேன்.

"ஆமா நைனா"ன்னா அக்கா. "கால் வரல."

நைனா கையைத் தூக்கி, நகத்துல இன்னும் கறுப்பு ஒட்டியிருந்த அந்தக் கையால அவ தலையைத் தொட்டாரு.

"போவுது வுடு. நான் ஒன்னிய… மன்னிச்சிட்டேன்."

அக்கா அதுக்கும் "சரி நைனா"ன்னா. அப்புறம் கஞ்சி ஆறிடும்னு எழுந்து போனா.